கறி ஆட்டின் மடியும் காம்பும்: பெட்டை தேர்ந்தெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கறிக்காக ஆடு வளர்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது உடம்பைத்தான். நெஞ்சகலம், முதுகின் நீளம், தொடைச் சதை, எடை. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் பெட்டை ஆடு என்று வரும்போது இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மடியைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நல்ல உடம்பு வாகு உள்ள தாயாக இருந்தாலும், அதன் குட்டி முதல் இரண்டு மூன்று மாதம் வளர்வது தாயின் பாலில்தான். பால் சரியாகக் கிடைக்காத குட்டி, அப்புறம் எவ்வளவு தீனி போட்டாலும் உடன்பிறந்ததை எட்டிப் பிடிக்கச் சிரமப்படும்.

"கறக்கவா போகிறோம், மடி எப்படி இருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கறக்காததால்தான் இது இன்னும் முக்கியம். கறவை ஆட்டின் மடியைத் தினமும் ஒருவர் கையால் தொடுகிறார். கட்டி வந்தாலும் காம்பு அடைத்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். கறி ஆட்டுக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. நள்ளிரவில் பிறந்த குட்டி, ஈரம் காயும் முன்பே தானாக எழுந்து, காம்பைத் தேடிப் பிடித்து, வாயில் கவ்விக் குடித்தாக வேண்டும். ஆகவே கறி ஆட்டின் மடிக்கு அளவுகோல் பிறந்த குட்டியின் வாய்தான். கறப்பவருக்கு வசதியான நீளமான தடித்த காம்பு, இங்கே குட்டியைப் பட்டினி போடும் காம்பாக மாறிவிடலாம்.

அந்த முதல் சில மணி நேரத்துக்கு ஏன் இவ்வளவு கனம்? ஆட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குப் போவதில்லை. குட்டி எதிர்ப்பு சக்தியே இல்லாமல்தான் பிறக்கிறது. அது சீம்பால் வழியாக மட்டுமே வர வேண்டும். குடல் அந்தப் புரதங்களை முழுசாக உள்ளே விடுவது முதல் சில மணி நேரம்தான். நேரம் ஆக ஆகக் கதவு மூடிக்கொண்டே வந்து, 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய அடைத்துவிடும். குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 3 கிலோ குட்டி என்றால் 300 மில்லி. அதில் பாதியாவது முதல் ஆறு மணி நேரத்துக்குள் போய்விட்டால் நல்லது. பருத்த காம்பைக் கவ்வ முடியாமல் ஒரு குட்டி ஐந்து மணி நேரம் அல்லாடினால், அது இழப்பது ஒரு வேளைப் பாலோடு நிற்பதில்லை.

மடி எப்படித் தாங்கி நிற்கிறது

ஆட்டின் மடியில் இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியும் தனிச் சுரப்பி. ஒன்றின் பால் மற்றதற்குப் போகாது. ஒன்றில் நோய் வந்தாலும் மற்றது நன்றாக இருக்கலாம். நடுவில் ஒரு தடித்த தசைநாரும் பக்கவாட்டில் இரண்டு தசைநார்களும் சேர்ந்து மடியை உடம்போடு தூக்கிப் பிடித்திருக்கின்றன. பின்னாலிருந்து பார்த்தால் மடியின் நடுவே ஒரு பள்ளம் தெரியும். அது நடுத் தசைநார் இழுத்துப் பிடித்திருப்பதன் அடையாளம். அந்தப் பள்ளம் காணாமல் போய், அடிப்பக்கம் தட்டையாகி, காம்புகள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி நின்றால் நடுநார் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

ஆட்டின் பாலில் பெரும்பங்கு மடிக்குள் இருக்கும் தொட்டி போன்ற அறையில் தேங்கி நிற்கும். குட்டி வாய் வைத்ததும் சட்டென்று பால் வருவதற்கு இதுவே காரணம். அந்தக் கனம் முழுவதையும் நார்களே தாங்குவதால், பிடிப்பு சரியில்லாத மடி ஒவ்வொரு ஈற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். தலையீற்றில் அழகாக இருந்த மடி நாலாம் ஈற்றில் முட்டிக்குக் கீழே ஆடுவதைப் பார்க்கலாம். அதனால்தான் தலையீற்றுப் பெட்டையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அதன் தாயையும் பார்க்கச் சொல்கிறேன்.

முதல் படி: குட்டி பிறந்ததுமே காம்பை எண்ணுங்கள்

காதுத் தோடு மாட்டும் நாளே இதற்குச் சரியான நாள். குட்டியை உங்கள் மடியில் மல்லாக்கப் போட்டு, பின்னங்கால்களுக்கு நடுவே விரலால் தடவிப் பாருங்கள். கண்ணை விட விரல் நம்பகமானது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் அரிசி அளவுக் காம்பு முடிக்குள் மறைந்திருக்கும், ஆனால் விரலில் தட்டும். பெட்டைக் குட்டி, கிடாக் குட்டி இரண்டையும் பாருங்கள். கிடாவுக்கு விதைப்பைக்கு முன்னால் சின்னக் காம்புகள் இருக்கும்.

எழுதி வைக்கும் முறை எளிது. இடது பக்க எண்ணிக்கை, வலது பக்க எண்ணிக்கை. பக்கத்துக்கு ஒன்று என்றால் 1-1. இரண்டிரண்டு என்றால் 2-2. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று என்றால் 2-1. இந்த இரண்டு எண்களை அப்போதே எழுதிவிட்டால் பின்னால் நிறையத் தலைவலி மிச்சம்.

1-1 தான் எல்லா வகையிலும் பாதுகாப்பானது. கறவை இனங்களில் இதைத் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டார்கள். கறி இனங்களில் நிலைமை வேறு. தென்னாப்பிரிக்காவில் உருவான போயர் இனத்தில் கூடுதல் காம்பு சகஜம். பக்கத்துக்கு இரண்டு காம்பு வரை, தனித்தனியாக நின்று இரண்டிலும் பால் வந்தால், இனத்தின் தரக்குறிப்பே அதை ஏற்கிறது. போயர் கிடா போட்டுக் கலப்பு செய்கிற மந்தைகளிலும் இது பரவலாகக் கண்ணில் படும். அதனால் நான்கு காம்பைக் கண்டதும் பயப்பட வேண்டாம். அந்த நான்கும் எப்படி நிற்கின்றன, எதிலிருந்து பால் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தொல்லை தருகிற வகைகள் சில உண்டு. துளையில்லாத காம்பு முதலாவது. பார்வைக்கு முழுக் காம்பு போலவே இருக்கும், உள்ளே வழி இருக்காது. பசியோடு தேடி வரும் குட்டிக்கு எது கிடைக்கிறதோ அதுதான் காம்பு. துளையில்லாததைக் கவ்விச் சப்பிக்கொண்டே இருக்கும். வயிறு நிரம்பாது. நாம் தூரத்திலிருந்து பார்த்து, குட்டி குடிக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். இந்த ஏமாற்று வேலைதான் இதை மற்ற குறைகளை விட மோசமாக்குகிறது.

அடுத்தது நுனி பிளந்த காம்பு. ஒரே அடிக்காம்பு கீழே போய் இரண்டாகப் பிரியும். பிளவு பாதிக்கு மேல் போய், இரண்டும் தனி நுனி, தனித் துளையோடு இருந்தால் பெரும்பாலும் குட்டி சமாளித்துக்கொள்ளும். நுனி மட்டும் லேசாகப் பிளந்து தடித்துக் கிடந்தால் குட்டியின் உதடு சரியாகப் பொருந்தாது. பால் பக்கவாட்டில் ஒழுகும். கொத்துக் காம்பு, அதாவது ஒரே இடத்தில் மூன்று நான்கு நெருங்கிக் கிடப்பது, இதை விட மோசம். பெரிய காம்பின் ஓரத்தில் முள் மாதிரி துருத்தி நிற்கும் குட்டிக் காம்பும் உண்டு. அது பால் தராது, ஆனால் குட்டியின் வாய்க்குக் குறுக்கே வந்து நிற்கும்.

கூடுதல் காம்பைச் சின்ன வயதிலேயே வெட்டிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். வளர்ப்புக்கு வைத்துக்கொள்ளும் ஆட்டில் இதைச் செய்யக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெட்டினால் காம்புதான் போகும். குறை ரத்தத்தில் இருக்கும், குட்டிக்கும் போகும். விற்றால் வாங்குபவரை ஏமாற்றியதாகவும் ஆகும். உங்கள் மந்தையிலேயே வைத்துக்கொண்டால் உங்களையே ஏமாற்றிக்கொண்டதாகும்.

இரண்டாம் படி: குட்டி போட்ட அன்றே மடிக்கு மதிப்பெண்

மடியை மதிப்பிட மிகச் சரியான நேரம் குட்டி போட்ட முதல் ஒரு நாள். பால் நிறைந்து, மடி தன் முழுக் கனத்தில் தொங்கும் நேரம் அது. குட்டியும் அதே நேரத்தில்தான் காம்பைத் தேடுகிறது. நான்கு நாள் கழித்துப் பார்த்தால், குட்டி குடித்துக் குடித்துக் காம்பு சுருங்கி எல்லாம் சரியாகத் தெரியும். சிக்கல் நடந்த நேரம் போய்விட்டிருக்கும்.

கையைக் கழுவிக்கொண்டு, ஆட்டைச் சமதரையில் நிறுத்தி, பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். முதலில் உயரம். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் முட்டிதான் அடையாளக் கோடு. மடியின் அடிப்பக்கம் அதற்கு மேலே இருக்க வேண்டும். இளம் பெட்டைக்கு நன்றாகவே மேலே. நாலைந்து ஈற்றுப் பார்த்த ஆட்டுக்கு முட்டி மட்டம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே போனால் காம்பு தரையை நெருங்கும். பிறந்த குட்டி இயல்பிலேயே மேல்நோக்கித்தான் தேடும். தாயின் அக்குளிலும் அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் மூக்கை முட்டி முட்டித் தேடிக்கொண்டிருக்க, காம்பு அதன் தாடைக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும். தாழ்ந்த காம்பு புதரில் கிழிபடும், சாணியில் தோயும், மிதிபடும். மடிநோய்க்கு அதை விட வேறு அழைப்பு வேண்டாம்.

அப்புறம் பிடிப்பு. முன்பக்கம் மடி வயிற்றோடு வழுவழுவென்று சேர்கிறதா, இல்லை இடைவெளி விட்டுத் தனியாகத் தொங்குகிறதா? பின்பக்கம் அகலமாகவும் உயரத்திலும் ஒட்டியிருக்கிறதா? மேலே குறுகி அடியில் பருத்த மடி நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடும். ஆட்டை நாலு அடி நடக்க விட்டுப் பாருங்கள். நிற்கும்போது மறைந்திருப்பது நடக்கும்போது தெரியும்.

இனி காம்பின் பருமன். என் அனுபவத்தில் புதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான், ஏனென்றால் பெரிய காம்பு பார்வைக்கு வளமாகத் தெரியும். மடி எங்கே முடிகிறது, காம்பு எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். உங்கள் சுண்டுவிரலிலிருந்து நடுவிரல் பருமன் வரை இருந்தால் பிறந்த குட்டி கவ்விக்கொள்ளும். கட்டைவிரலைத் தாண்டினால் சந்தேகம். மடியே நேராக வழிந்து காம்பாகி, பலூன் மாதிரி ஊதி நிற்கிறதென்றால் சந்தேகத்துக்கும் இடமில்லை. அந்த மாதிரிக் காம்புள்ள தாயிடம் ஒரு குட்டி போராடுவதைக் கவனித்துப் பாருங்கள். நாக்கை மடித்து நீட்டும், நுனியைத் தொடும், வாயைத் திறந்து கவ்வப் பார்க்கும், காம்பு வழுக்கி மூக்கில் இடிக்கும். மறுபடி முட்டும். நாலைந்து முறை ஆனதும் கால் நடுங்கிப் படுத்துவிடும். தாயோ நல்ல தாயாக அதை நக்கிக்கொண்டே நிற்கும். எந்தத் தவறும் யார் மேலும் இல்லை, காம்பின் அமைப்பைத் தவிர.

இப்படி ஒன்று உங்கள் கொட்டிலில் நடந்தால் உடனே இறங்குங்கள். காம்பிலிருந்து கொஞ்சம் சீம்பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி எடுங்கள். காம்பு இளகும். குட்டியின் வாயைத் திறந்து நுனியை நாக்கின் மேல் வைத்து, இரண்டு சொட்டு பீய்ச்சுங்கள். சுவை தெரிந்ததும் சப்பும். முடியவில்லை என்றால் எடுத்த சீம்பாலைப் புட்டியில் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான குட்டிகள் இரண்டு நாளில் பழகிவிடும். குட்டி பிழைத்த மகிழ்ச்சியில் ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: நோட்டில் அந்தத் தாயின் எண்ணுக்கு எதிரே "உதவி தேவைப்பட்டது" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால், அந்தக் குட்டி நன்றாக வளர்ந்து நிற்கும்போது அதையே வளர்ப்புக்கு வைத்துக்கொள்வீர்கள். நாம் ராத்திரி விழித்துக் காப்பாற்றிய குறையை நாமே பெருக்கியதாக முடியும்.

கடைசியாக, ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பீய்ச்சு பாருங்கள். நுனியில் மெழுகு மாதிரி ஓர் அடைப்பு இருக்கும், முதல் பீய்ச்சில் வந்துவிடும். நான்கு காம்பு இருந்தால் நான்கிலும் பாருங்கள். எதில் வருகிறது, எதில் வரவில்லை என்பதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தலையீற்று ஆட்டில் முதல் ஓரிரு நாள் பால் லேசாக இளஞ்சிவப்பாக வரலாம். நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைவதால் வருவது, தானாகவே நின்றுவிடும். மடியும் முதல் சில நாள் நீர் கோத்து இறுகலாக இருப்பது வழக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும். சூடும் வலியும் இல்லாவிட்டால் அது நோய் அல்ல.

ஆனால் மடி கல் மாதிரி இறுகி, பால் ஏறக்குறைய வராமலே இருந்தால் வேறு விஷயம். சிஏஇ என்று சுருக்கமாகச் சொல்லப்படும், ஆட்டின் மூட்டையும் மூளையையும் தாக்கும் வைரஸ் நோய் இப்படி மடியைக் கெட்டியாக்கும். பெரும்பாலும் தாயின் சீம்பால், பால் வழியாகத்தான் இது குட்டிக்குப் பரவுகிறது. ரத்தப் பரிசோதனையில் தெரியும். அப்படிப்பட்ட தாயின் சீம்பாலைக் கொடுக்க வேண்டி வந்தால் 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துக் கொடுப்பது வழக்கம். சூடு அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்புப் புரதங்களும் சேர்ந்து கெட்டுவிடும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது? 1 முதல் 5 வரை போதும். 5 என்றால் உயரத்தில் இறுக்கமான பிடிப்பு, அளவான காம்பு, குட்டி தானே குடித்தது. 3 என்றால் குறை தெரிகிறது, ஆனால் குட்டிக்கு உதவி தேவைப்படவில்லை. 1 என்றால் உதவி இல்லாமல் குட்டி குடித்திருக்காது. நடுவில் வருபவற்றை உங்கள் கண்ணை நம்பிப் போடுங்கள். ஒரே ஆள், ஒரே மாதிரி கண்ணோடு மந்தை முழுவதற்கும் போடுவது, நுணுக்கமான அளவுகளை விடப் பயன் தரும்.

மூன்றாம் படி: பால் உச்சத்தில் இருக்கும்போது ஒரு பார்வை

குட்டி போட்டு மூன்று நான்கு வாரத்தில் கறி ஆடுகளின் பால் உச்சத்தை நெருங்கும். அப்போது மடியைத் தொடக்கூட வேண்டியதில்லை, குட்டிகளைப் பார்த்தாலே போதும். வயிறு நிரம்பிய குட்டி படுத்துத் தூங்கும், எழுந்ததும் சோம்பல் முறிக்கும். பசியில் இருப்பது முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், அடுத்த தாயிடம் திருட்டுத்தனமாகக் குடிக்கப் போகும். இரட்டைக் குட்டிகளில் ஒன்று கொழுத்து மற்றது சூம்பி இருந்தால் மடியின் ஒரு பாதியில் பிரச்சினை இருக்கலாம். குட்டிகள் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு காம்பை உரிமையாக்கிக்கொள்ளும்.

ஒரு பக்கம் பெருத்தும் ஒரு பக்கம் சிறுத்தும் இருக்கும் மடியைக் கண்டதும் தீர்ப்பு எழுத வேண்டாம். ஒற்றைக் குட்டி ஒரே காம்பில் குடித்துப் பழகினால் மறுபக்கம் சில நாளில் வற்றிவிடும். அடுத்த ஈற்றில் அது திரும்பச் சுரக்கும். நோயால் செத்த பாதி அப்படித் திரும்பாது. இரண்டையும் பிரித்துச் சொல்வது அடுத்த படியில்.

நான்காம் படி: பால் வற்றிய மடியைத் தடவிப் பார்ப்பது

குட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று வாரம் கழிந்ததும், அடுத்து கிடாவுக்கு விடும் முன் ஒரு தரமும், மடியைக் கையால் பார்க்க வேண்டும். நேரம் இல்லாதவர்கள் மற்ற எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

ஆட்டை ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு பாதியை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக விரல் நுனிகளால் மெதுவாக உருட்டி வாருங்கள். வற்றிய ஆரோக்கியமான மடி மெத்தென்று, தொளதொளவென்று இருக்கும். உள்ளே சின்னச் சின்ன மணி போல ஒரே சீராகத் தட்டுப்படுவது சுரப்பித் திசு, அது இயல்பு. ஓரிடத்தில் மட்டும் கெட்டியாக உருண்டை தட்டினால், அல்லது ஒரு பாதி முழுவதுமே மரத்துப்போய் இறுகியிருந்தால், அது பழைய மடிநோய் விட்டுப்போன தழும்பு. பிறகு காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டுங்கள். உள்ளே கயிறு மாதிரி ஒரு கெட்டி ஓடினால் பால் வழி தழும்பேறி அடைபட்டிருக்கலாம். இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஆட்டில் ஒப்பிட ஆள் பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி.

கெட்டி இருக்கும் ஆடு அடுத்த ஈற்றிலும் அந்தப் பாதியில் பால் தராமல் போகவே வாய்ப்பு அதிகம். அதைத் திரும்பச் சினைப்படுத்தி, ஐந்து மாதம் தீனி போட்டு, இரட்டைக் குட்டி போட்ட பின் ஒரு பாதியில் பால் இல்லை என்று கண்டுபிடிப்பதை விட, இப்போதே கழிப்பது நல்லது.

குட்டிகளைப் பிரிக்கும் நாளுக்கு முன்பே அடர்தீவனத்தைக் குறைத்துவிடுங்கள். பிரித்த பிறகு மடி கனக்கிறதே என்று பரிதாபப்பட்டுக் கறக்க ஆரம்பித்தால் மடி இன்னும் சுரக்கும். தொட்டுப் பார்க்கலாம், கறக்கக் கூடாது. சூடும் சிவப்பும் வந்தால் மட்டும் கணக்கு வேறு.

பரம்பரைக் குறையா, பட்ட குறையா?

எல்லாக் குறையும் ரத்தத்தில் வருவதில்லை. முள் கிழித்த தழும்பு, பல் முளைத்த குட்டி கடித்த புண், நாய் கவ்விய காயம் ஆகியவை அந்த ஆட்டோடு முடிந்துவிடும். அதன் மகளை வைத்துக்கொள்வதில் தடை இல்லை. வாய்க்கொப்புள நோய் குட்டியின் உதட்டிலிருந்து தாயின் காம்புக்குப் பரவும். காம்பு வலித்தால் தாய் குட்டியை உதைத்துத் தள்ளும். கெட்ட தாய் என்று முத்திரை குத்துவதற்கு முன் காம்பைப் பாருங்கள். இந்த நோய் மனிதர் கைக்கும் தொற்றும், அதனால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

மடிநோய் வேறு வகை. கிருமிதான் காரணம், பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகைகள். ஆனால் தாழ்ந்த மடியும் பருத்த காம்பும் அதற்கு வழி திறந்துவிடுகின்றன. ஆகவே மடிநோய் வந்த ஆட்டின் மடி அமைப்பைத் திரும்பப் பாருங்கள். அமைப்பு நன்றாக இருந்தும் நோய் வந்ததென்றால் மகளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

ஒன்றை அவசரமாகச் சொல்ல வேண்டும். மடியின் ஒரு பாதி திடீரென்று வீங்கி, முதலில் சூடாகி, பிறகு சில்லென்று குளிர்ந்து நீலம் பாரித்தால், ஆடு அந்தப் பக்கத்துக் காலை இழுத்து நடந்தால், பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தால், அது அழுகல் மடிநோய். ஆட்டின் உயிரே போகும் நோய். மணிக்கணக்கில் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குட்டிகளுக்கு உடனே வேறு பால் ஏற்பாடு செய்யுங்கள். பிழைக்கும் ஆடும் பெரும்பாலும் அந்தப் பாதியை இழந்துவிடும்.

மடிநோயைக் கண்டுபிடிக்கும் கரைசல் சோதனையை ஆட்டுப் பாலில் செய்யும்போது லேசான மாற்றம் காட்டினால் அலற வேண்டாம். அந்தச் சோதனை காட்டுவது பாலில் உள்ள செல்களின் அளவை. ஆட்டுப் பாலில் அவை இயல்பிலேயே பசும்பாலை விட அதிகம். இரண்டு பாதிகளுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் காட்டினால்தான் கவனிக்க வேண்டும்.

எதைக் கழிப்பது, எதை வைப்பது

மடியை ஒரு வாசல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி உள்ளே வந்தவற்றில்தான் எடை, வளர்ச்சி, இரட்டை ஈனும் குணம் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். "எடை பிரமாதம், மடி மட்டும் கொஞ்சம் சுமார்" என்று சமரசம் செய்ய ஆரம்பித்தால் மூன்று தலைமுறையில் மந்தை முழுக்க சுமார் மடிதான் இருக்கும்.

உடனே கழிக்க வேண்டியவை: கட்டி தட்டும் மடி, ஒரு பாதி செத்த மடி, முட்டிக்குக் கீழே இறங்கிய மடி, இரண்டு ஈற்றிலும் குட்டிக்கு உதவி தேவைப்பட்ட காம்பு, கொத்துக் காம்பு. தலையீற்றில் ஒரே ஒரு முறை காம்பு பருத்து உதவி தேவைப்பட்டதென்றால் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். ஆனால் ஈற்று ஏற ஏறக் காம்பு பருக்குமே தவிர மெலியாது என்பதை மனதில் வையுங்கள். அந்த ஆட்டின் பெட்டைக் குட்டிகளைக் கறிக்கு அனுப்புங்கள், வளர்ப்புக்கு வேண்டாம். 2-1 போல எண்ணிக்கை ஒத்துப்போகாத ஆட்டில் எல்லாக் காம்பிலும் பால் வந்து குட்டிகள் நன்றாக வளர்ந்தால் வைத்துக்கொள்ளலாம், 1-1 கிடாவோடு சேருங்கள்.

மறுபக்கமும் ஒரு எச்சரிக்கை. பெரிய மடிதான் நல்ல மடி என்று அதையே தேடித் தேடிச் சேர்க்காதீர்கள். குட்டிகள் குடித்து முடிக்க முடியாத அளவு பால், கட்டிக்கொண்டு நோயில் முடியும். தாயின் உடம்பும் இளைத்து அடுத்த சினை தள்ளிப்போகும். இரட்டைக் குட்டியை நன்றாக வளர்க்கும் அளவுக்கு மிதமான, இறுக்கமான மடியே கறி ஆட்டுக்குப் போதும். பிரிக்கும் நாளில் ஒரு தாயின் குட்டிகளின் மொத்த எடையை நிறுத்துப் பாருங்கள். மடியில் எவ்வளவு பால் இருந்தது என்பதற்கு அதை விட நேர்மையான சாட்சி கிடையாது.

கிடாவிடம் மடியைத் தேடுங்கள்

புதியவர்கள் விட்டுவிடும் இடம் இது. ஒரு பெட்டை வருடத்துக்கு ஒன்றிரண்டு மகள்களைத் தரும். முப்பது பெட்டைக்கு ஒரு கிடா என்றால், அந்த வருடம் பிறக்கும் எல்லாப் பெட்டைக் குட்டிகளின் மடியிலும் பாதிப் பங்கு அந்த ஒரு கிடாவுடையது. கறவை ஆடுகளில் செய்த கணக்கீடுகள், மடியின் அமைப்பு நடுத்தர அளவுக்குப் பரம்பரையாக வரும் என்று காட்டியிருக்கின்றன. அதாவது தேர்வு செய்தால் பலன் தெரியும், அதே நேரம் ஒரே தலைமுறையில் எல்லாம் மாறிவிடாது.

கிடா வாங்கப் போனால் அதைத் தூக்கிப் பிடித்து முதலில் காம்பை எண்ணுங்கள். கொத்தோ பிளவோ இருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து, அதன் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், முடிந்தால் குட்டி போட்ட நிலையில். மூன்று நான்கு ஈற்றுக் கடந்தும் மடி மேலே நிற்கும் தாயின் மகன், எடை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் எனக்கு முதல் தேர்வு. தாயை விற்றுவிட்டார்கள் என்றால் அக்கா தங்கைகளைக் காட்டச் சொல்லுங்கள். கிடாவின் தகப்பன் போட்ட மற்ற பெட்டைகளும் பாதி விஷயம் சொல்லும். எதையும் காட்ட முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

நல்ல காம்புள்ள இரண்டு ஆடுகளுக்கும் கூடுதல் காம்போடு குட்டி பிறக்கலாம். காம்பு எண்ணிக்கை ஒரே மரபணுவின் வேலை இல்லை என்பதால் இப்படி நடக்கும். ஒரு குட்டியை வைத்துக் கிடாவைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஒரு கிடாவின் குட்டிகளில் நிறைய பேருக்கு, அதுவும் வேறு வேறு தாய்களிடம் பிறந்தவற்றுக்கு, ஒரே மாதிரிக் குறை வந்தால்தான் அது கிடாவின் கணக்கு. குட்டிகளின் காதுத் தோடு எண்ணோடு தகப்பன் பெயரையும் எழுதியிருந்தால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

புதுக் கிடாவின் மகள்கள் தலையீற்று ஈனும் வரை அதன் மகன்களை யாருக்கும் பொலிகிடாவாகக் கொடுக்காமல் இருப்பது நல்ல வழக்கம். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள், மகள்கள் பருவத்துக்கு வர அதற்கு மேலும் மாதங்கள் ஆகும், ஆகவே கொஞ்சம் காத்திருக்க வேண்டித்தான் இருக்கும். அந்த மகள்கள் ஈனும் வாரத்தில் கொட்டிலிலேயே இருங்கள். எத்தனை குட்டிகள் உங்கள் கை படாமல் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்தன என்று எண்ணி, கிடாவின் பெயருக்கு எதிரே எழுதுங்கள்.